ஒன்பது முறை தோற்ற மசோதா: ஃபென்னர் பிராக்வேயின் வாழ்வும் பணியும்

(வாசகர் வட்டக் கலந்துரையாடல் ஒன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை இயன்றவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஓர் ஆங்கிலேயரைப் பற்றி. அறிவிப்பைப் பார்த்தவுடனேயே சிலர் கேட்டுவிட்டார்கள். "நம்மை ஆண்டவன் கூட்டத்தைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி நாம் ஏன் ஒரு மாலைப் பொழுதைச் செலவிட வேண்டும்? நம்மவர்களில் ஆளே இல்லையா?" என்று. நியாயமான கேள்விதான். நம்மவர்களில் ஆட்கள் நிறையவே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி நாம் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் உரிமைக்காகக் குரல் கொடுக்கும் எந்தச் சிறுபான்மையினரும் ஒரு கட்டத்தில் ஒரு கேள்வியைச் சந்தித்தே ஆக வேண்டும். பெரும்பான்மைச் சமூகத்திலிருந்து ஒருவர் நம் பக்கம் வந்து நின்றால், அவரை எந்த அளவுக்கு நம்பலாம்? அவரால் என்ன முடியும்? எது முடியாது? இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஃபென்னர் பிராக்வேயின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் வாழ்ந்த மனிதர் அவர். அதில் எண்பது ஆண்டுகள் இடதுசாரி அரசியலில் கழிந்தன. அமைச்சர் பதவி ஒன்றுகூட வகித்ததில்லை. தோற்ற தேர்தல்கள் வென்ற தேர்தல்களைவிட அதிகம். அவர் கொண்டுவந்த ஒரு மசோதா ஒன்பது முறை நாடாளுமன்றத்தில் செத்தது. இருந்தாலும் இன்று பிரிட்டனில் ஒரு கடைக்காரரோ முதலாளியோ வீட்டுக்காரரோ "உன் நிறத்துக்கு இங்கே இடமில்லை" என்று சொன்னால் அது சட்டப்படி குற்றம் காணத்தக்க செயலாக இருக்கிறதே, அதற்கான வழியில் முதல் கல்லைப் போட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயர்

பிராக்வே 1888 நவம்பர் 1-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பெற்றோர் கிறிஸ்தவ மிஷனரிகள். அந்தக் கால வழக்கப்படி சிறு வயதிலேயே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, மிஷனரிகளின் பிள்ளைகளுக்கென்றே நடந்த ஒரு பள்ளியில் படித்தார். படிப்பு முடிந்ததும் பத்திரிகையாளரானார். அப்போது அவர் லிபரல் கட்சி ஆதரவாளர்.

1907-ல் ஒரு பேட்டி அவருடைய பாதையை மாற்றியது. ஸ்காட்லாந்தின் நிலக்கரிச் சுரங்கத்தில் பத்து வயதிலேயே வேலைக்கு இறங்கி, பின்னாளில் நாடாளுமன்றம் வரை வந்த தொழிலாளர் தலைவர் கெயர் ஹார்டியைப் பேட்டி காண்பதற்காக அவர் போனார். உள்ளே போகும்போது லிபரலாக இருந்தவர், வெளியே வரும்போது சோஷலிஸ்டாக இருந்தார். அந்த ஆண்டே ஹார்டியின் சுதந்திரத் தொழிற்கட்சியில் சேர்ந்தார். 1912-ல், இருபத்து நான்கு வயதுகூட நிரம்பாத நிலையில், அந்தக் கட்சியின் ஏடான 'லேபர் லீடர்' இதழுக்கு ஆசிரியரானார்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. தொழிற்கட்சி வேறு, சுதந்திரத் தொழிற்கட்சி வேறு. பின்னது 1893-ல் தோன்றியது. தொழிற்கட்சி உருவாகக் காரணமான அமைப்புகளில் ஒன்று. பல ஆண்டுகள் தொழிற்கட்சிக்குள்ளேயே ஓர் இடதுசாரி அணியாக இயங்கியது. பிராக்வேயின் அரசியல் வாழ்க்கையில் பாதி, இந்த இரண்டுக்கும் இடையிலான இழுபறியில்தான் போனது.

சிறையில் அச்சிடாத பத்திரிகை

1914-ல் முதல் உலகப் போர் வந்தது. ஊரே போர் வெறியில் இருந்தது. தொழிற்சங்கத் தலைவர்கள் பலரும் கொடி பிடித்தார்கள். பிராக்வே மறுத்தார். ஒரு நாட்டுத் தொழிலாளி இன்னொரு நாட்டுத் தொழிலாளியைச் சுடுவதால் யாருக்கு லாபம் என்று தன் ஏட்டில் எழுதினார். கட்டாய ராணுவச் சேவை வரப்போகிறது என்பதை முன்கூட்டியே உணர்ந்து, அதை மறுக்கும் இளைஞர்களை ஒன்று திரட்டலாம் என்ற யோசனையை முதலில் சொன்னவர் அவருடைய மனைவி லில்லா. அப்படித்தான் 1914 இறுதியில் கட்டாய ராணுவச் சேவை எதிர்ப்புச் சங்கம் பிறந்தது. தத்துவ அறிஞர் பெர்ட்ராண்ட் ரஸ்ஸலும் பின்னர் அதில் வந்து சேர்ந்தார்.

1916-ல் கட்டாயச் சேவைச் சட்டம் வந்தது. அதை ரத்து செய்யக் கோரித் துண்டறிக்கை வெளியிட்டதற்காக பிராக்வேக்கும் தோழர்களுக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. கட்ட மறுத்தார்கள். சிறை. பிறகு ராணுவத்தில் சேர மறுத்ததற்காக மீண்டும் சிறை. லண்டன் கோபுரம், செஸ்டர் கோட்டை, லிவர்பூலின் வால்டன் சிறை, கடைசியாக லிங்கன் சிறை என்று மாறி மாறி அடைக்கப்பட்டார். போர் முடிந்தும் விடவில்லை. 1919-ல்தான் வெளியே வந்தார்.

வால்டன் சிறையில் கைதிகள் பேசிக்கொள்ளக் கூடாது என்பது விதி. பத்திரிகைக்காரர் சும்மா இருப்பாரா? கழிவறைத் தாளில் பென்சில் துண்டால் எழுதி ஒரு ரகசியப் பத்திரிகை நடத்தினார். ஒரே ஒரு பிரதிதான். கைக்குக் கை மாறிப் படிக்கப்பட்டது. கடைசியில் பிடிபட்டுத் தண்டனையும் கிடைத்தது. லிங்கன் சிறையில் அவருக்கு அறிமுகமானவர்கள் அயர்லாந்து விடுதலைப் போராளிகள். டி வலேராவும் அப்போது அங்கே கைதியாக இருந்தார். ஆளும் இனத்தில் பிறந்த ஒருவர், ஆளப்படும் இனத்தாரைச் சிறைத் தோழர்களாகச் சந்தித்தார் என்பதை நாம் கவனிக்க வேண்டும். அரசு என்பது எப்படி நடந்துகொள்ளும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அனுபவித்துத் தெரிந்துகொண்டார்.

வெளியே வந்தவர் அதோடு விடவில்லை. தன்னைப் போலவே சிறை சென்ற ஸ்டீபன் ஹாப்ஹவுஸுடன் சேர்ந்து ஆங்கிலேயச் சிறைகளின் நிலையை விரிவாக ஆராய்ந்து 1922-ல் ஒரு நூலாக வெளியிட்டார். சிறைச் சீர்திருத்தம் பற்றிப் பேசுகிறவர்கள் நெடுங்காலம் எடுத்துப் பார்த்த நூல் அது. தனக்கு நேர்ந்த துன்பத்தைச் சொல்லிப் புலம்புவதோடு நிறுத்தாமல், அதை எல்லாருக்கும் பயன்படும் ஆவணமாக மாற்றினார். போராட்டக்காரர்கள் கற்க வேண்டிய பழக்கம் இது.

சென்னை மருத்துவமனையும் செங்கோலும்

விடுதலையானதும் இந்திய தேசிய காங்கிரசின் பிரிட்டிஷ் குழுவுக்கு இணைச் செயலாளரானார். 1924-ல் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் இடைத்தேர்தலில் தொழிற்கட்சி சார்பில் நின்றார். எதிரில் நின்றவர்களில் ஒருவர் வின்ஸ்டன் சர்ச்சில். இருவருமே தோற்றார்கள்!

1927 இறுதியில் பிராக்வே இந்தியா சென்றார். சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்கு வந்தவர், வாகன விபத்தில் காயமடைந்து மருத்துவமனையில் படுக்க நேர்ந்தது. காந்தி அங்கே வந்து அவரைப் பார்த்தார். அந்த மாநாட்டில்தான் முழு விடுதலையே இலக்கு என்ற தீர்மானத்தை நேரு முன்மொழிந்தார். மாநாட்டில் உட்கார முடியாமல் போனாலும், இந்திய விடுதலை என்பது பிராக்வேக்குத் தூரத்துச் செய்தியாக இருக்கவில்லை.

1929-ல் கிழக்கு லேட்டன் தொகுதியில் வென்று முதன்முறையாக நாடாளுமன்றம் புகுந்தார். தொழிற்கட்சியே ஆட்சி அமைத்தது. ராம்சே மெக்டொனால்டு பிரதமர். ஆனால் 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்தை ஒடுக்கி, காந்தியையும் நேருவையும் பல்லாயிரம் தொண்டர்களையும் சிறையில் தள்ளியதும் இதே தொழிற்கட்சி ஆட்சியின் காலத்தில்தான். அந்த ஜூலை மாதம், இந்தியா பற்றி விவாதிக்க நேரம் ஒதுக்க வேண்டும் என்று பிராக்வே மக்களவையில் எழுந்து நின்றார். சபாநாயகர் உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. சபையிலிருந்து இடைநீக்கம் செய்யத் தீர்மானம் வந்தது. வாக்கெடுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அவருடைய நண்பர் ஜான் பெக்கெட் சபையின் செங்கோலையே தூக்கிக்கொண்டு நடக்க, பெரிய அமளியாகிவிட்டது.

அன்று இந்தியத் துறை அமைச்சராக இருந்தவர் வெட்ஜ்வுட் பென். அவருடைய மகன் டோனி பென்தான், இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, பிராக்வே தொடங்கிய காலனி விடுதலை இயக்கத்தில் பொருளாளராக அமர்ந்தார். அப்பா காலத்து எதிர்ப்பாளர், மகன் காலத்துத் தோழர். வரலாறு சில நேரம் இப்படியும் திரும்பும்.

நான் சொல்ல வருவது இதுதான். எதிர்க்கட்சி ஆட்சியை எதிர்ப்பது எளிது. நம் கட்சி ஆட்சியில் இருக்கும்போது, நம் கட்சி செய்யும் தவறை எழுந்து நின்று சொல்வதுதான் சோதனை. பதவி கிடைத்ததும் வாய் அடைத்துப்போன தலைவர்களை நாம் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். பிராக்வேக்குப் பதவி கிடைக்காமல் போனதற்குக் காரணமும் இதுதான்.

பத்தொன்பது ஆண்டு வனவாசம்

1931 தேர்தலில் தோற்றார். 1932-ல் சுதந்திரத் தொழிற்கட்சி தொழிற்கட்சியிலிருந்து பிரிந்தது. பிராக்வே அப்போது அதன் தலைவர். பிரிந்த கட்சி ஆண்டுக்கு ஆண்டு மெலிந்தது. 1934, 1935, 1941, 1942 என்று தேர்தலில் நின்றார், தோற்றார், மறுபடி நின்றார். மறுபடியும் நாடாளுமன்றப் படி ஏற 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதனிடையே ஸ்பெயின் உள்நாட்டுப் போர். எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் சுதந்திரத் தொழிற்கட்சியின் அறிமுகக் கடிதத்தோடுதான் ஸ்பெயின் போனார். பாசிசத்தை எதிர்த்துப் போராடிய இடதுசாரிகளையே, ஸ்டாலின் ஆதரவாளர்கள் சிறையில் தள்ளியபோது, அவர்களை விடுவிக்கக் கோரி 1937-ல் பிராக்வே நேரில் ஸ்பெயின் சென்றார். எந்த நிலையிலும் ஆயுதமே கூடாது என்ற பழைய நிலைப்பாடு ஸ்பெயின் அனுபவத்தில் ஆட்டம் கண்டது. ஹிட்லரையும் பிராங்கோவையும் வெறும் பிரார்த்தனையால் நிறுத்த முடியாது என்று உணர்ந்தார். ஆனாலும் இரண்டாம் உலகப் போரில் மனச்சாட்சியின் பேரால் போரை மறுத்தவர்களைக் காக்கும் வாரியத்துக்குத் தலைமை ஏற்றார். தான் மாறிவிட்ட பிறகும், மாறாதவர்களின் உரிமைக்காக நின்றார். கருத்து மாறினால் பழைய தோழர்களைக் காட்டிக்கொடுப்பவர்கள் நடுவில் இது அபூர்வம்.

ஆப்பிரிக்காவின் உறுப்பினர்

போர் முடிந்தபின் தொழிற்கட்சிக்குத் திரும்பினார். 1950-ல் ஈட்டன் அண்ட் ஸ்லவ் தொகுதியில் வென்றார். பெயரைப் பாருங்கள். ஒரு பக்கம் பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கும் ஈட்டன் பள்ளி. மறுபக்கம் தொழிற்சாலைகள் நிறைந்த ஸ்லவ் நகரம். கரீபியத் தீவுகளிலிருந்தும் இந்தியா, பாகிஸ்தானிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் அந்த நகரத்தில் குடியேறினார்கள்.

அதே 1950-ல் கென்யா சென்றார். வெள்ளையர் விடுதியில் தங்காமல் ஆப்பிரிக்கக் குடும்பங்களோடு தங்கினார். 1952-ல் அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டபோது மீண்டும் போனார். மௌ மௌ வன்முறையைக் கண்டித்தார். அதே மூச்சில், நிலம் பறிபோன மக்களின் கோபத்தைப் புரிந்துகொள்ளாமல் துப்பாக்கியால் மட்டும் அடக்க முடியாது என்றும் சொன்னார். லண்டன் பத்திரிகைகள் அவரை வறுத்தெடுத்தன. வெள்ளைக்காரப் பெண்ணை மணந்ததற்காக பெச்சுவானாலாந்தின் இளவரசர் செரெட்ஸே காமா 1950-ல் தன் சொந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்டபோது அவருக்காகவும் வாதாடினார். காமா 1956-ல் ஊர் திரும்பினார். 1966-ல் விடுதலை பெற்ற போட்ஸ்வானாவின் முதல் அதிபரானார்.

1954-ல் காலனி விடுதலை இயக்கம் பிறந்தது. பிராக்வே தலைவர். நாடாளுமன்றத்தில் காலனிகள் பற்றி ஓயாமல் கேள்வி கேட்டார். ஆப்பிரிக்காவின் உறுப்பினர் என்று அவருக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். கேலியாகச் சொன்னவர்களும் உண்டு. பெருமையாகச் சொன்னவர்களும் உண்டு. காலனி மக்களுக்கு அந்த நாடாளுமன்றத்தில் வாக்கும் இல்லை, உறுப்பினரும் இல்லை. அவர்கள் எழுதிய கடிதங்கள் இப்படிப்பட்ட ஒரு சிலரின் கைக்குப் போய்த்தான் அங்கே கேள்விகளாக மாறின.

மசோதாவின் கதை

இப்போது இன்றைய உரையின் மையத்துக்கு வருகிறேன்.

1948-ல் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் கரீபியத் தொழிலாளர்களை இங்கிலாந்துக்கு ஏற்றி வந்தது. தொடர்ந்து பலர் வந்தார்கள். பேருந்து ஓட்ட, மருத்துவமனையில் பணிபுரிய, ஆலையில் உழைக்க ஆள் வேண்டியிருந்தது. ஆனால் வாடகைக்கு அறை கேட்டால் கதவில் அட்டை தொங்கும்: கறுப்பர்களுக்கு இல்லை. மதுக்கடையில் ஊற்றித் தர மாட்டார்கள். நடன அரங்கில் நுழைய விட மாட்டார்கள். இதற்கு நிறத்தடை என்று பெயர். இதைத் தடுக்கச் சட்டம் இருந்ததா? இல்லை.

ஒரே ஒரு சிறிய ஓட்டை இருந்தது. டிரினிடாட் கிரிக்கெட் வீரர் லியரி கான்ஸ்டன்டைன் 1943-ல் லண்டனில் ஒரு ஹோட்டலில் முன்பதிவு செய்திருந்தும் நிறத்தைக் காட்டி வெளியேற்றப்பட்டார். வழக்குப் போட்டு 1944-ல் வென்றார். எப்படி வென்றார் தெரியுமா? இனப்பாகுபாடு தவறு என்பதால் அல்ல. வழிப்போக்கருக்கு இடம் தர மறுக்கக் கூடாது என்ற பழைய சத்திரச் சட்டத்தால்! கிடைத்த இழப்பீடு ஐந்து கினி. புகழ்பெற்ற விளையாட்டு வீரருக்கே இந்த நிலை என்றால், சாதாரண ஆலைத் தொழிலாளிக்கு?

1956-ல் பிராக்வே இனப்பாகுபாட்டுத் தடை மசோதாவைக் கொண்டுவந்தார். அரசாங்க மசோதா அல்ல, தனி உறுப்பினர் மசோதா. இதன் நடைமுறையை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். தனி உறுப்பினருக்குப் பத்து நிமிடம் பேச அனுமதி உண்டு. மசோதா அறிமுகமாகும். அதன்பின் அரசாங்கம் நேரம் ஒதுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. வெள்ளிக்கிழமைகளில் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில், ஒரே ஒரு உறுப்பினர் எழுந்து எதிர்ப்பு என்று சொன்னால் போதும், அன்றைக்கு அது நகராது. அல்லது கடிகாரம் முடியும் வரை ஒருவர் பேசிக்கொண்டே இருந்தாலும் போதும். கூட்டத்தொடர் முடிந்தால் மசோதா செத்துவிடும். அடுத்த தொடரில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அப்படி 1956 முதல் 1964 வரை ஒன்பது முறை அவர் கொண்டுவந்தார். ஒன்பது முறையும் செத்தது.

எதிர்த்தவர்கள் என்ன சொன்னார்கள்? சட்டம் போட்டு மனத்தை மாற்ற முடியாது என்றார்கள். காலப்போக்கில் எல்லாம் சரியாகும் என்றார்கள். சட்டம் கொண்டுவந்தால் வெறுப்புதான் கூடும் என்றார்கள். இங்கே அப்படி ஒரு பிரச்சினையே இல்லை என்றும் சொன்னார்கள். இந்தப் பேச்சுகளை உங்களில் யாராவது இதற்கு முன் எங்காவது கேட்டிருக்கிறீர்களா? உங்கள் சிரிப்பே பதில் சொல்லிவிட்டது.

காலம் எதையும் சரிசெய்யவில்லை. 1958-ல் நாட்டிங்ஹாமிலும் லண்டன் நாட்டிங்ஹில்லிலும் இனக் கலவரம். 1959-ல் ஆன்டிகுவாவைச் சேர்ந்த தச்சர் கெல்சோ காக்ரேன் நாட்டிங்ஹில் தெருவில் வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அந்தக் கொலைக்காக யாருமே தண்டிக்கப்படவில்லை. பிரச்சினையே இல்லை என்று சொன்னவர்களுக்கு இதுதான் பதில்.

பதினொரு வாக்கு

1964 அக்டோபரில் பொதுத்தேர்தல். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தது. நாடு முழுவதும் அக்கட்சிக்குக் காற்று வீசியது. ஆனால் ஸ்மெத்விக் தொகுதியில் இனவெறிப் பிரச்சாரத்தால் தொழிற்கட்சியின் பெரிய தலைவர் பேட்ரிக் கோர்டன் வாக்கர் தோற்றார். ஸ்லவ் நகரிலும் குடியேற்றப் பிரச்சினை கிளப்பப்பட்டது. பிராக்வே தோற்றார். எத்தனை வாக்கில்? பதினொரே வாக்கில்!

சிந்தித்துப் பாருங்கள். ஒன்பது முறை அந்த மசோதாவைத் தூக்கிக்கொண்டு வந்தவர் அவர். அதை நிறைவேற்றக்கூடிய ஆட்சி அமைந்த அன்றே மக்களவையில் அவருக்கு இடமில்லாமல் போனது. அந்தப் பதினொரு வாக்கில் ஒரு பங்காவது, அவர் யாருக்காகப் பேசினாரோ அவர்களை வெறுத்தவர்களின் வாக்கு. பெரும்பான்மைச் சமூகத்து நண்பர் நமக்காகப் பேசும்போது என்ன விலை கொடுக்கிறார் என்பதை நாம் பல நேரம் கணக்கில் எடுப்பதில்லை. மேடையில் மாலை போட்டு அனுப்பிவிடுகிறோம். தேர்தல் நாளன்று நம் வீட்டு வாக்கு எத்தனை பதிவானது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் பதியாமல் விட்ட ஒரு தெரு போதும், பதினொரு வாக்கு போய்விடும்.

தோற்றவரை அந்த ஆண்டே பிரபுக்கள் சபைக்கு அனுப்பினார்கள். பிறப்பாலும் நியமனத்தாலும் நிரம்பும் அந்தச் சபையே கூடாது என்ற கருத்துடையவர், லார்டு பிராக்வே ஆனார். சிலர் இதைக் கேலி செய்தார்கள். அவரோ கிடைத்த மேடையில் பேசுவதை நிறுத்தவில்லை.

1965-ஆம் ஆண்டுச் சட்டம்

1965 நவம்பரில் இன உறவுகள் சட்டம் நிறைவேறியது. ஹோட்டல், உணவகம், மதுக்கடை, திரையரங்கு, பொதுப் பேருந்து போன்ற பொது இடங்களில் நிறம், இனம், பூர்வீகம் காரணமாகப் பாகுபாடு காட்டுவது சட்டவிரோதமானது. இனவெறுப்பைத் தூண்டுவது குற்றமானது. லியரி கான்ஸ்டன்டைன், அன்று ஹோட்டலிலிருந்து வெளியேற்றப்பட்டாரே, அவரே புதிய இன உறவுகள் வாரியத்தின் உறுப்பினராக அமர்ந்தார்.

ஆனால் நாம் கைதட்டிவிட்டு எழுந்துவிடக் கூடாது. அந்தச் சட்டம் வேலைக்கும் வீட்டுக்கும் பொருந்தாது. பிராக்வேயின் 1956 மசோதாவில் வேலை வாய்ப்பும் இருந்தது, வீட்டு வாடகையும் இருந்தது. பிழைப்புக்கு எது முக்கியமோ அதை விட்டுவிட்டு, டீ குடிக்கும் உரிமையை முதலில் கொடுத்தார்கள். 1967-ல் வெளியான ஆய்வு, வேலையிலும் வீட்டிலும் பாகுபாடு பரவிக் கிடப்பதை உறுதிசெய்தது. 1968 சட்டம் அவற்றைச் சேர்த்தது. 1976 சட்டம் மறைமுகப் பாகுபாட்டையும் தடுத்தது. 2010-ல் எல்லாம் சமத்துவச் சட்டம் என்ற ஒரே சட்டத்தில் ஒன்றுசேர்ந்தன.

1968-ல் இன்னொன்றும் நடந்தது. கென்யாவிலிருந்து நெருக்கடிக்குள்ளாகி வெளியேறிய இந்திய வம்சாவளியினர் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருந்தும் உள்ளே வரக் கூடாது என்று அதே தொழிற்கட்சி அரசு சில நாட்களுக்குள் அவசரச் சட்டம் இயற்றியது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிப்பது என்றால் இதுதான். எண்பது வயதை நெருங்கிய பிராக்வே பிரபுக்கள் சபையில் தன் கட்சிச் சட்டத்தை எதிர்த்துப் பேசினார். 1930-ல் நின்ற அதே இடத்தில்தான் 1968-லும் நின்றார்.

பிராக்வே மட்டும்தானா?

இதுவரை சொன்னதை வைத்து, ஒரு நல்ல வெள்ளைக்காரர் வந்து எல்லாம் வாங்கிக் கொடுத்தார் என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அப்படிச் சொன்னால் அது பாதி உண்மைதான்.

1963-ல் பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பர், ஆசியரை நடத்துநராகச் சேர்க்க மறுத்தது. தொழிற்சங்கமும் அதற்கு உடந்தை. பால் ஸ்டீபன்சன் என்ற இளைஞரும் அங்கிருந்த கரீபிய மக்களும் பேருந்துப் புறக்கணிப்புப் போராட்டம் நடத்தினார்கள். நான்கு மாதம் நடந்தது. ஆகஸ்ட் 28-ஆம் நாள் நிறுவனம் பணிந்தது. வெள்ளையரல்லாத முதல் நடத்துநராகச் சேர்ந்தவர் ரக்பீர் சிங் என்ற சீக்கியர். கரீபிய மக்கள் தொடங்கிய போராட்டத்தின் பலன் முதலில் ஒரு பஞ்சாபிக்குக் கிடைத்தது! சிறுபான்மையினர் தங்களுக்குள் பிரிந்து நின்றிருந்தால் இது நடந்திருக்குமா?

அதேபோல் இந்தியத் தொழிலாளர் சங்கங்கள் ஆலை ஆலையாக ஆள் திரட்டின. கிளாடியா ஜோன்ஸ் பத்திரிகை நடத்தினார். 1964 டிசம்பரில் மார்ட்டின் லூதர் கிங் லண்டன் வந்து சென்றதையொட்டி, டாக்டர் டேவிட் பிட் போன்றோர் முன்னின்று இனப்பாகுபாட்டு எதிர்ப்பு இயக்கம் உருவானது. தெருவில் இவர்கள் நின்றார்கள். சபையில் பிராக்வே நின்றார். தெருவில் ஆளில்லாத மசோதா ஒன்பது முறை அல்ல, தொண்ணூறு முறை சாகும். சபையில் மசோதா இல்லாத போராட்டம், கலைந்துபோன கூட்டமாகவே முடியும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை

முதலாவது, நம் நண்பர் யார் என்பதை அவர் நம்மோடு எடுத்துக்கொள்ளும் படத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. தன் கட்சி ஆட்சியில் இருக்கும்போது அவர் என்ன பேசுகிறார் என்பதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது, தோல்வியையும் பதிவு செய்ய வேண்டும். ஒன்பது முறை மசோதா செத்தது உண்மை. ஆனால் ஒவ்வொரு முறையும் யார் எதிர்த்தார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பது நாடாளுமன்றக் குறிப்பில் ஏறியது. ஒவ்வொரு முறையும் ஆதரவாளர் சிலர் கூடினார்கள். 1965-ல் அரசாங்கம் உட்கார்ந்து எழுதத் தொடங்கியபோது வெறும் தாளிலிருந்து தொடங்கவில்லை. நாம் கொடுக்கும் மனு குப்பைக் கூடைக்குப் போகிறது என்று சலித்துக்கொள்கிறோம். நம்மிடம் அதன் நகல் இருக்கிறதா? தேதி இருக்கிறதா? பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் இருக்கிறதா? இவை இருந்தால் அது குப்பைக்குப் போகவில்லை, வரலாற்றுக்குப் போயிருக்கிறது.

மூன்றாவது, அரைகுறைச் சட்டம் கிடைத்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். ஆனால் வாங்கிய கையோடு மீதியைக் கேட்க வேண்டும். 1965-ல் திருப்தி அடைந்திருந்தால் 1968-ம் இல்லை, 1976-ம் இல்லை.

பிராக்வே 1988 ஏப்ரல் 28-ஆம் நாள் காலமானார். நூறு வயதுக்கு ஆறே மாதம் குறைவு. தொண்ணூறு வயதைத் தாண்டியும் அணு ஆயுத ஒழிப்புக்காக அமைப்பு தொடங்கிக் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசிக்கொண்டிருந்தார். லண்டன் ரெட் லயன் சதுக்கப் பூங்காவில் அவருக்கு ஒரு சிலை உண்டு. உயிரோடு இருக்கும்போதே, 1985-ல் வைக்கப்பட்டது. ஒரு கையை உயர்த்தி நீட்டி, கூட்டத்தைப் பார்த்துப் பேசுகிற தோற்றம். 1987-ன் பெரும்புயலில் மரம் விழுந்து அந்தச் சிலையின் கை முறிந்தது. பிறகு சரிசெய்து மறுபடி நிறுத்தினார்கள்.

இந்தக் கூட்டம் முடிந்ததும் வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். வாக்காளர் பதிவைச் சரிபார்க்க விரும்புபவர்கள் அடையாள அட்டையோடு அங்கே வரலாம். உங்கள் வீட்டில், உங்கள் தெருவில், பெயர் பதியாத இளைஞர்களையும் வீடு மாறியும் முகவரி மாற்றாதவர்களையும் அழைத்து வாருங்கள். பதினொரு பேர் கிடைத்தால் எனக்குப் போதும்.